கழுவினாலும் போகாத புருவம்

குற்றாலத்து மெயின் அருவியில் என் இடது புருவம் கரைந்து போனபோது எனக்குப் பத்தொன்பது வயது. தென்காசி டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் என்னோடு லோயர் பரீட்சை எழுதிய பெண்கள் ஆறேழு பேர், பரீட்சை முடிந்த சந்தோஷத்தில் பஸ் ஏறிப் போயிருந்தோம். பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, தோளில் மட்டும் தண்ணீரை வாங்கிக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து ஒரு அம்மாள் இடம் கேட்டு இடித்தாள். ஒரு நொடிதான், முழுத் தலையும் தண்ணீருக்குள் போய்விட்டது. வெளியே வந்து கண்ணைத் துடைத்தால் விரலெல்லாம் கறுப்பு. எதிரில் நின்ற எங்கள் வகுப்புப் பெண் என்னையே பார்த்தாள்.

"ஏட்டி, உன் புருவத்த எங்கட்டி?"

அவள் கேலி செய்யவில்லை. நிஜமாகவே குழம்பிப்போய், காலடியில் ஓடுகிற தண்ணீரைக் குனிந்து பார்த்தாள், கம்மல் விழுந்துவிட்டால் தேடுவதைப் போல. நான் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு கூட்டத்தை விலக்கி வெளியே வந்துவிட்டேன். திரும்பி வருகிற பஸ்ஸில் எல்லோரும் மற்றதையெல்லாம் பேசினார்கள். புருவத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

ஏழு வயதில் பம்பு ஸ்டவ் சீறி எரிந்ததில் போன புருவம் அது. அம்மா பால் காய்ச்ச ஸ்டவ்வைப் பற்றவைத்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். தீ ஒரு தடவை மேலே எழும்பி அடங்கியது. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது புருவத்தில் மூக்குப் பக்கம் கொஞ்சம் முடி மிஞ்சியது. மீதி இடம் ஆறி, இழுத்துப் பிடித்த மாதிரி வழுவழுப்பாகி, அதன்பிறகு அங்கே முடி முளைக்கவே இல்லை. அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். அம்மா வீட்டில் ஜாக்கெட் தைத்துத்தான் என்னை வளர்த்தாள். அந்தத் தழும்பைப் பற்றி அவள் என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. தலை பின்னும்போது மட்டும் இடது பக்கத்து முடியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துவிடுவாள்.

புருவம் வரைந்துகொள்ளும் வழியைக் காட்டியது பக்கத்து வீட்டு லாத்தா. முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள். அவள் வீட்டுக்காரர் சவூதியில் வேலை பார்த்தார். லீவில் வந்தபோது அவர் கொண்டுவந்த சாமான்களுக்குள் ஒரு புருவப் பென்சில் இருந்தது. "எனக்கு எதுக்குட்டி இது, எனக்குத்தான் ரெண்டும் காடு மாதிரி கிடக்கே" என்று சொல்லி என் கையில் கொடுத்தாள். அன்றிலிருந்து காலையில் பல் விளக்குவதைப் போல அதுவும் ஒரு வேலையாகிவிட்டது. சித்திரை வெயிலில் வியர்வை அழித்துவிடும். ஆனியில் சாரல் ஆரம்பித்துவிட்டால் இன்னும் மோசம். ஊரே சாரலில் நனைய ஆசைப்படும்போது நான் மட்டும் பூத்தூறலுக்குக்கூடக் குடை பிடித்துக்கொண்டு போவேன். எனக்குச் சளி உடம்பு என்று தெருவில் எல்லோரும் நம்பினார்கள்.

இருபத்துமூன்று வயதில் நான் அதே இன்ஸ்டிட்யூட்டில் டைப் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பாவூர்சத்திரத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். தாய் தகப்பன் இல்லை, எல்லாவற்றையும் முன்னின்று செய்தது அவருடைய அக்காதான். அவளை நான் மைனி என்று கூப்பிட வேண்டும் என்று அன்றைக்கே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

பெண் பார்க்க வந்தது சாயங்காலம். வோல்டேஜ் இல்லாமல் டியூப்லைட் மினுக்கிக்கொண்டே இருந்தது. வந்தவர்கள் அதைக் குறை சொல்ல, அம்மா மட்டும் உள்ளுக்குள் அதற்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்திருப்பாள். மாப்பிள்ளை தலையைத் தூக்கவே இல்லை. நான் காபி நீட்டியபோது என் விரல்களைப் பார்த்தார், காபியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். மைனிதான் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். பிடித்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

வாசலில் செருப்பைப் போடும்போது மைனி திரும்பி அம்மாவிடம் சொன்னாள்: "மெயின் அருவில நல்லாத் தண்ணி விழுதாம். வாற ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு நாம எல்லாருமா குற்றாலம் போய்க் குளிச்சிட்டு, அங்கனயே உக்காந்து முகூர்த்தப் பட்டு எடுக்கது பத்திப் பேசிட்டு வருவோம். ஒண்ணா மண்ணா பழகுனாத்தான நல்லா இருக்கும்."

அம்மா, "அதுக்கென்ன, போவோம்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். சாத்திய கையோடு அங்கேயே நின்றாள்.

எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அடுத்த நாலைந்து நாளில் நான் கேட்ட யோசனைகள் ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. அம்மா, "காய்ச்சல்னு சொல்லிட்டு அருவிக்கரையில உக்காந்துக்கோ" என்றாள். எத்தனை நாளைக்குக் காய்ச்சல் என்று நான் கேட்டதும் அவள் தையல் மிஷினுக்குத் திரும்பிவிட்டாள். எங்கள் தெரு டாக்டரிடம் வேலை பார்த்த கம்பவுண்டர், "தழும்புல முடி வளராதும்மா" என்று முடித்துவிட்டார். பச்சை குத்தினால் என்ன என்று கேட்டேன். "தழும்புத் தோல் மத்த தோல் மாதிரி கிடையாது. மை பிடிச்சாலும் பிடிக்கும், பிடிக்காமலும் போகும். பரவினாலும் பரவும்" என்றார். மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னதால், எதை எடுத்துக்கொள்வது என்று எனக்குப் புரியவில்லை. நான் "பிடிச்சாலும் பிடிக்கும்" என்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பச்சை குத்துகிற யோசனை எனக்கு வந்ததற்குக் காரணம் அம்மாவின் கைதான். அவள் முன்கையில் ஒரு கோலம் உண்டு. கல்யாணத்துக்கு முன் குத்தியது. மிஷினில் தைக்கும்போது அந்தக் கோலம் ஆடிக்கொண்டே இருக்கும். எத்தனை தண்ணீர், எத்தனை சோப்பு, எத்தனை வருஷம், ஒன்றும் அதை அழிக்கவில்லை. ஆனால் அது கறுப்பும் இல்லை, பாசி படிந்த பச்சை. புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து, கோலம் என்று சொன்னால்தான் கோலம் என்று தெரியும்.

"குத்தும்போதே இந்த நிறந்தானாம்மா?"

"குத்தும்போது கன்னங்கரேல்னு இருந்துச்சி. நாளாக ஆக இப்படி ஆயிருச்சி. எதுக்குக் கேக்க?"

"சும்மாதான்."

கண்ணுக்கு முன்னால் அத்தாட்சி இருந்தது. இருந்தும் என் மனசு, அது கை, இது முகம்; அது பழைய காலத்து ஊசி, இப்போது மிஷின் வந்துவிட்டது என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டது.

லாத்தாவிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தாள்.

"எங்கள்ல பச்சை குத்துதது ஹராம்ட்டி. ஆண்டவன் தந்த உடம்ப மாத்தக் கூடாது. நான் உனக்குப் போன்னும் சொல்ல மாட்டேன், போகாதேன்னும் சொல்ல மாட்டேன்."

"நீ கூட வாறியா மாட்டியா, அதச் சொல்லு."

சுளகிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். "வாறேன். ஆனா பாக்க மாட்டேன். திரும்பி நின்னுக்கிடுவேன்."

அருவிக்குப் போவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்பது நாள் முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், அம்மாவிடம் வளையல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு நாங்கள் இருவரும் குற்றாலம் போனோம். சீசன் கடைகள் வரிசையாகக் கிடந்தன. நேந்திரங்காய் வறுவல் கடைக்கும் சோப்பு டப்பா கடைக்கும் நடுவில், தார்ப்பாய்க்குக் கீழே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். பக்கத்தில் ஒரு பேட்டரி, அதிலிருந்து வயர் போகிற ஒரு ஊசி மிஷின், பின்னால் அட்டையில் தேள், வேல், இதயம், பூ என்று படங்கள். ஒரு லாரி டிரைவருக்குக் கையில் தேள் குத்தி முடித்து, ஈரத்துணியால் துடைத்து அனுப்பினாள். ஊசியை ஒரு டம்ளர் தண்ணீரில் அலசினாள். நான் அதைப் பார்த்தேன். அதில் கேட்க ஏதாவது இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை.

"புருவம் குத்தணும்" என்றேன்.

அவள் என் முகத்தைக் கையால் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பென்சில் கோட்டை ஈரவிரலால் துடைத்தாள். தழும்பைத் தடவிப் பார்த்தாள்.

"தீக்காயமா?"

"ஆமா யக்கா."

"கன்னத்துல மச்சம் வச்சிருக்கேன், நெத்தியில பொட்டு வச்சிருக்கேன். புருவம் வச்சதில்லம்மா. அதுவும் தழும்புல. பிடிக்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது." பிறகு ஒன்று கேட்டாள்: "பத்துப் பன்னெண்டு நாளைக்கி வீங்கும், பொருக்குக் கட்டும். அருவித் தண்ணி படக் கூடாது, வெயில் படக் கூடாது. வீட்டுல விசேஷம் எதும் வருதா?"

இது நடந்து இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த இடத்தில்தான் நான் நின்று நின்று யோசிக்கிறேன். தெரிந்துகொள்ள வேண்டியதை ஒருத்தி நேருக்கு நேராகச் சொல்லி, கேட்க வேண்டியதைக் கேட்டும்விட்டாள். ஒன்பது நாளில் அருவிக்குப் போக வேண்டும், அதற்காகத்தான் இதைச் செய்கிறேன் என்று நான் சொல்லியிருந்தால் அவள் மிஷினை மூடி வைத்திருப்பாள்.

"விசேஷம் ஒண்ணும் இல்ல" என்றேன்.

முதுகைக் காட்டி நின்ற லாத்தா சட்டென்று திரும்பினாள். என்னைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், மறுபடியும் திரும்பிக்கொண்டாள்.

பச்சை குத்துகிறவள் என்னை ஒரு மரப்பெட்டியின் மேல் தலை வைத்துப் படுக்கச் சொன்னாள். வலது புருவத்தைப் பார்த்துப் பார்த்து, இடது பக்கம் மையால் ஒரு கோடு போட்டாள். எனக்குப் பயத்தில் கண் அகல விரிந்து நெற்றி சுருங்கியிருந்தது. "முகத்த லேசா வச்சிக்கோ" என்று இரண்டு தடவை சொன்னாள். எனக்கு முடியவில்லை. உட்கார்ந்த வாக்கில், கண்ணாடியைப் பார்த்து, சாதாரணமாக முகத்தை வைத்துக்கொண்டு கோடு போட்டிருக்க வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது. அன்றைக்கு அவளுக்கும் அது தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. படுத்துக்கொண்டு பயந்திருந்த என் முகத்துக்குப் பொருத்தமாக ஒரு புருவத்தை அவள் குத்தினாள்.

மிஷின் காதுக்குப் பக்கத்தில் வண்டு மாதிரி இரைந்தது. மூக்குப் பக்கம் வலி உயிர் போயிற்று. தழும்புப் பக்கம் பாதி இடத்தில் வலியே தெரியவில்லை. அது எதனால் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. கேட்க வாயைத் திறந்தால், "அசையாத" என்றாள். முடிந்ததும் தேங்காய் எண்ணெய் தடவி, ரசம் போன சின்னக் கண்ணாடி ஒன்றைக் கையில் கொடுத்தாள். அதில் கறுப்பாக, முழுசாக ஒரு புருவம் இருந்தது. நான் அழுதுவிட்டேன்.

"எப்படிட்டி இருக்கு?" என்று லாத்தா திரும்பாமலே கேட்டாள்.

"நீயே பாரு."

பார்த்தாள். "ரொம்பக் கறுப்பா இருக்கேட்டி" என்றாள், மெதுவாக.

மறுநாள் காலை இடது கண் திறக்கவில்லை. இமை வீங்கி, நெற்றி வரைக்கும் கனத்தது. அம்மா காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் போய்த் தையல் மிஷின் மேலே கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்து வந்தாள். என்னைச் சுவரோடு சாய்த்து உட்காரவைத்து, மூக்கிலிருந்து வலது புருவத்தை அளந்தாள். பிறகு இடது. மறுபடி வலது.

"கால் இஞ்ச் ஏத்தமா இருக்கேட்டி" என்றாள். "துணின்னா பிரிச்சித் தைக்கலாம். இத என்ன செய்ய?"

அதற்குப் பிறகுதான் அழுதாள்.

வீக்கம் வடிய நாலு நாளாயிற்று, இமைச் சிவப்பு மட்டும் போகவில்லை. பொருக்குக் கட்டி அரித்தது. சொறியாதே என்று அம்மா சொல்லச் சொல்ல, தூக்கத்தில் சொறிந்துவிட்டேன். பொருக்கு உதிர்ந்த இடத்தில், தழும்பின் மேல் இரண்டு இடத்தில் மையே இல்லை. வேறொரு இடத்தில், பிளாட்டிங் பேப்பரில் மசி ஊறினதைப் போலப் பரவியிருந்தது. கம்பவுண்டர் ஒரே மூச்சில் சொன்ன மூன்றும் என் ஒரே புருவத்தில் நடந்திருந்தது. பென்சிலில் வரைந்த காலத்தில் தப்பானால் துடைத்துவிட்டு மறுபடி வரையலாம். இப்போது கோடு தப்பான இடத்தில் உட்கார்ந்துவிட்டது. அதற்குக் கீழே சரியான இடத்தில் பென்சிலால் வரைந்தால் இரண்டு புருவம் தெரிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை, அருவிக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது, மைனி ஜாக்கெட் அளவு கொடுக்க வந்துவிட்டாள். நான் எழுந்து உள்ளே ஓடுவதற்குள் பார்த்துவிட்டாள்.

"ஐயையோ, கண்ணுக்கு என்ன?"

"மெட்ராஸ் ஐ" என்றாள் அம்மா. அவள் வாயிலிருந்து அவ்வளவு வேகமாகப் பொய் வரும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

மைனி முந்தானையால் கண்ணை மறைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். "எங்க வீட்டுல சின்னப் பிள்ளைக இருக்குல்லா. குற்றாலத்துக்குப் பொறவு போய்க்கிடலாம்" என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த ஜாக்கெட் துணியைத் திண்ணையில் வைத்துவிட்டு, அளவும் கொடுக்காமல் கிளம்பிவிட்டாள். எந்த நாளுக்காக நான் அந்த ஊசிக்குக் கீழே படுத்தேனோ அந்த நாளே இல்லாமல் போயிற்று. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை இன்ஸ்டிட்யூட்டுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனேன். பதினோரு மணி இருக்கும். பத்து மிஷின்கள் ஒரே சமயத்தில் தடதடத்துக்கொண்டிருந்தன. வாசலில் மாப்பிள்ளை நின்றார். கையில் ஒரு சின்னக் காகிதப் பொட்டலம்.

"கண்ணு நோவுன்னு அக்கா சொன்னா. மெடிக்கல்ல கேட்டேன். இந்த மருந்து போட்டா மூணு நாள்ல சரியாயிருமாம்" என்றார். அன்றைக்கும் அவர் என் விரல்களைத்தான் பார்த்துப் பேசினார்.

வாங்கிக்கொண்டு நன்றி சொல்லி அனுப்பியிருக்கலாம். ஏன் அப்படிச் செய்யவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றினேன்.

"இது கண்ணு நோவு இல்ல. பச்சை குத்தினேன். எனக்கு இந்தப் பக்கம் புருவம் கிடையாது. சின்ன வயசுல தீயில போச்சி. நீங்க பாக்க வந்த அன்னைக்கிப் பென்சில்ல வரைஞ்சிருந்தேன்."

அவர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். ரேடியோவைத் திறந்து உள்ளே பார்க்கிறவர் எப்படிப் பார்ப்பாரோ அப்படி, அவசரமில்லாமல், ஒவ்வொரு இடமாக.

"அன்னைக்கி நான் சரியாப் பாக்கல" என்றார். "வெக்கமா இருந்துச்சி." பிறகு, "ஒண்ணு கொஞ்சம் மேல இருக்கு" என்றார்.

"ஆமா."

"அது மெட்ராஸ் ஐன்னு எங்க அக்காட்ட சொன்னது யாரு?"

"எங்கம்மா."

தலையாட்டினார். மருந்துப் பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுபோவதா, என்னிடம் கொடுத்துவிடுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. கையை நீட்டினார், மடக்கிக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் புரியல. நான் வீட்டுல பேசிட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டு, பொட்டலத்தை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

எட்டு நாள் ஒரு தகவலும் இல்லை. அம்மா மைனியின் துணியை மடித்து அலமாரியில் வைத்தாள், எடுத்தாள், திரும்ப வைத்தாள். "உன்ன யாரு சொல்லச் சொன்னா?" என்று ஒருநாள் கத்தினாள். மறுநாள் வெறுமனே மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "அன்னைக்கி ஸ்டவ்வுல எண்ணெ வழிஞ்சி கிடந்துச்சி. எனக்குத் தெரியும். தொடச்சிட்டுப் பத்தவைக்கணும்னு நினைச்சேன். பால் திரிஞ்சிரும்னு அவசரப்பட்டுட்டேன்" என்றாள். பதினாறு வருஷம் கழித்து அவள் அதைச் சொன்னாள். நான் என்ன சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தாள் என்பது எனக்குத் தெரியவில்லை. "பரவாயில்லம்மா" என்றேன். அது போதாது என்று இருவருக்கும் தெரிந்தது.

ஒன்பதாம் நாள் மைனி தனியாக வந்தாள். உட்காரவில்லை. என் தாடையைப் பிடித்து முகத்தைத் தூக்கி, இடதும் வலதும் பார்த்தாள்.

"புருவம் இல்லன்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா? நாங்க என்ன மனுசங்க இல்லையா?"

"சொல்லியிருந்தா சரின்னு சொல்லியிருப்பீங்களா மைனி?"

அவள் என் தாடையை விட்டாள். "அது தெரியல" என்றாள். "இப்ப எதுக்கு அந்தப் பேச்சு. என் தம்பி இந்த எட்டு நாளும் கடையில ஒரு ரேடியோவக்கூட முடிக்கல. நீ வேணும்ங்கான். அம்மாட்ட சொல்லு, அளவு எடுக்கட்டும்." அம்மாவிடம் திரும்பி, "இனிமே எங்கிட்ட பொய் சொல்லாதீங்க" என்றாள். அம்மா இஞ்ச் டேப்போடு நின்றபடி தலையாட்டினாள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. ஃபோட்டோ எடுத்தவர் ஒவ்வொரு படத்துக்கும், "பொண்ணு நெத்தியச் சுருக்காம இருங்க" என்று சொன்னார். நான் சுருக்கவே இல்லை. ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் நான் யாரிடமோ எதையோ கேட்க வந்து, கேட்காமல் நிற்கிற மாதிரிதான் இருக்கிறேன். இன்ஸ்டிட்யூட்டில் பிள்ளைகள், தாங்கள் அடித்தது தப்போ என்று என் முகத்தைப் பார்த்துத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்ப்பார்கள். நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

இரண்டாம் வருஷம் கறுப்பு நீலமாயிற்று. மூன்றாம் வருஷம் நீலத்தில் பச்சை தட்டியது. யாரோ சொன்னார்கள் என்று சுண்ணாம்பைக் குழைத்துப் பூசி, தோல் வெந்து, ஒரு வாரம் கஷ்டப்பட்டதுதான் மிச்சம், பச்சை அப்படியே இருந்தது. பிள்ளை உண்டாகியிருந்தபோது ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "எங்க குத்துனீங்க? ஊசி புதுசா? முன்னால யாருக்குக் குத்துனாங்க?" என்று கேட்டாள். டம்ளர் தண்ணீரும் லாரி டிரைவரின் தேளும் ஞாபகம் வந்தன. மஞ்சள்காமாலை அந்த வழியாகவும் வரும் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. ஆனால் முடிவு வரும்வரை நான் சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை.

ஒருநாள் மத்தியானம் கடையில் அவருக்குச் சாப்பாடு எடுத்து வைத்தபடி கேட்டேன்: "பொண்ணு பாக்க வந்த அன்னைக்கி நான் பென்சில் போடாம வந்திருந்தா சரின்னு சொல்லியிருப்பீங்களா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர்.

"நான்தான் உன் முகத்தையே பாக்கலையே" என்றார்.

"பாத்திருந்தா?"

"தெரியலையே" என்றார். பிறகு, "இப்ப நல்லாத்தான இருக்கு" என்றார். அந்தப் பதிலில் எனக்குக் கோபமா ஆறுதலா என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன்.

எண்பதுகள் முடியப்போகிற சமயத்தில் இலஞ்சியிலிருந்து ஒரு டீச்சர் என்னைத் தேடி வந்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். மேலுதட்டில் ஒரு ஓரமாக வெள்ளை விழுந்திருந்தது. பரவாது, அப்படியேதான் இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பிள்ளைகள் தன் வாயையே பார்ப்பதாகச் சொன்னார். சிவப்பு மை வைத்துக் குத்துகிறார்களாம், உதட்டு நிறத்திலேயே. நான் குத்திக்கொண்டதை யாரோ சொல்லி, கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார்.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். நிறம் மாறும், எந்த நிறமாக மாறும் என்று குத்துகிறவர்களுக்கே தெரியாது. புது ஊசி என்று கண்ணால் பார்த்த பிறகுதான் உட்கார வேண்டும். படுத்துக்கொண்டு கோடு போடக் கூடாது. பக்கத்தில் விசேஷம் எதுவும் இருக்கக் கூடாது, இருந்தால் மறைக்கக் கூடாது. அந்தத் தோல் மற்ற தோல் மாதிரி நடந்துகொள்ளுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், அவர் சொல்கிற எல்லாவற்றையும் கேளுங்கள், பிடித்ததை மட்டும் கேட்காதீர்கள். சொல்லிக்கொண்டே போனேன். அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போலக் கவனமாகக் கேட்டார்.

கடைசியில், "நீங்க இவ்வளவு சொல்லுதீங்க. அப்போ குத்தலாமா, வேண்டாமா?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். குத்தாமல் இருந்திருந்தால் நான் அன்றைக்கு அந்த இன்ஸ்டிட்யூட் வாசலில் கண்ணாடியைக் கழற்றியிருக்க மாட்டேன். பென்சிலும் குடையுமாகவே வாழ்ந்திருப்பேன். குத்தியதால் பாதிப் புருவம் முழுப் புருவம் ஆகவும் இல்லை. இதில் எதைச் சொல்வது?

"எனக்குச் சொல்லத் தெரியல டீச்சர்" என்றேன்.

அவர் என் நெற்றியைப் பார்த்தார். நான் ஏதோ கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, "இல்ல, நான் இன்னும் முடிவு பண்ணல" என்று தானாகவே பதில் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் அவரைப் பார்த்தேன். மேலகரம் ஸ்டாப்பில் நான் நிற்கும்போது குற்றாலம் பஸ் ஒன்று வந்து நின்றது. ஜன்னலோரம் அவர் உட்கார்ந்திருந்தார். சாரல் உள்ளே அடித்ததால் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணால் சிரித்துக் கையை ஆட்டினார். முந்தானையை எடுக்க மாட்டாரா, உதட்டைப் பார்த்துவிட மாட்டோமா என்று நான் ஒரு எட்டு முன்னால் வைத்தேன். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டான்.